பட்டறைப் பதில்கள்: எந்த சர்க்குலர் சா நின்று உழைக்கும்?

சர்க்குலர் சா என்கிற, வட்ட பிளேடு சுற்றி மரம் அறுக்கும் கை மெஷினைப் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தென்காசியில் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துபவர் பதில் சொல்கிறார்.

ஐயா, ஆசாரி வேலை பழகி, இப்போதுதான் தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். நிலை, ஜன்னல், ஓட்டுக் கூரைக்குக் கைமரம், ரீப்பர் எல்லாம் உண்டு. போன வருஷம் 2,200 வாட்ஸ் என்று சொல்லிக் கடையில் கொடுத்த சர்க்குலர் சா நாலு மாசத்தில் புகைந்துவிட்டது. மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சருக்குப் புதுக் கம்பி கட்டிப் போட்டேன், அதுவும் நிற்கவில்லை. பத்து வருஷம் உழைக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், புதுக்கோட்டை

தம்பி, பெயர் சொல்வதற்கு முன்னால் பழையது ஏன் புகைந்தது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அடுத்ததை வாங்கினால் அதுவும் புகையும்.

என் மேஜைக்கு வருகிற சர்க்குலர் சாக்களில் பெரும்பாலானவை ஆர்மேச்சர் கருகித்தான் வருகின்றன. மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் தீய்ந்த வாடை முகத்தில் அடிக்கும். ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் துண்டு உரசுகிற செம்பு வளையத்தில் எல்லாப் பட்டையும் நன்றாக இருக்க, ஒன்றிரண்டு மட்டும் கருத்துக் குழிந்திருக்கும். அந்த மெஷினில் கடைசியாக மாட்டியிருந்த பிளேடையும் கொண்டுவரச் சொல்வேன். அதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பல் முனை உருண்டிருக்கும். பக்கவாட்டில் பிசினும் மரத்தூளும் சேர்ந்து கறுப்பாக ஏறி, நகத்தால் சுரண்டினாலும் வராது.

மழுங்கிய பிளேடு மரத்தை அறுக்காது, தேய்க்கும். நாம் கோடு முடிய வேண்டுமே என்று அழுத்துவோம். அழுத்தினால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் மோட்டார் கரண்டைக் கூடுதலாக இழுக்கும். மோட்டாரைக் குளிர்விக்கிற விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் கூடவே மெதுவாகும். சூடு ஏறுவதும் காற்று குறைவதும் ஒரே சமயத்தில் நடப்பதால்தான் கருகுகிறது. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, பல் முனையை அது சீக்கிரம் தின்றுவிடும். பனங்கையும் அப்படித்தான். அதன் நாரும் சிலிக்காவும் சேர்ந்து புதுப் பிளேடையே ஒரு கூரை முடிவதற்குள் மொண்ணையாக்கிவிடும். உங்கள் பக்கத்தில் கூரைக்குப் பனை நிறைய ஓடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பனைக்கென்று 24 பல் கார்பைடு பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிலை வேலைக்கு வைத்திருக்கும் பிளேடைப் பனையில் விடவே விடாதீர்கள்.

அடுத்த காரணம் ஒயர். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கரண்ட் எங்கோ இருக்கும், மரம் எங்கோ கிடக்கும். நடுவில் மெல்லிசான ஒரு எக்ஸ்டென்ஷன். 1,400 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்ப்ஸ் இழுக்கும். 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் 30 மீட்டர் இழுத்தால் போக வர 60 மீட்டர். அதிலேயே ஏழு வோல்ட் போய்விடும், லோடு ஏறினால் இன்னும் போகும். ஏற்கெனவே சாயங்காலம் 190 வோல்ட் வருகிற ஊராக இருந்தால் மெஷின் மூச்சுத் திணறும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு மூன்று வோல்ட்டுக்குள் அடங்கும். இந்த ஒயருக்குச் செலவழிக்கிற பணம் வீண் போகாது. சுருட்டிய ஒயரை அப்படியே வைத்து ஓட்டாமல் முழுக்க விரித்துப் போட்டு ஓட்டுங்கள்.

கட்டிய ஆர்மேச்சர் நிற்கவில்லை என்கிறீர்கள். நானே வைண்டிங் கட்டுகிறவன்தான். இருந்தாலும் சொல்கிறேன்: பம்ப் மோட்டாருக்குக் கட்டலாம், சர்க்குலர் சாவுக்குக் கட்டாதீர்கள். பிளேடு நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது உள்ளே ஆர்மேச்சர் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. கையால் கட்டியதில் எடை ஒரு பக்கம் துளி கூடினாலும் அதிர்வு வரும். அதிர்ந்தால் பேரிங் போகும், பேரிங் போனால் ஆர்மேச்சர் தன்னைச் சுற்றியிருக்கிற பீல்டு காயிலில் உரசும். கம்பெனி ஆர்மேச்சர் கிடைக்குமானால் அதைப் போடுங்கள். கிடைக்காத மெஷின் என்றால் அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

எது நின்று உழைக்கும் என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோலும் இதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிற மெஷின் உழைக்கும். பெட்டியில் போட்டிருக்கிற வாட்ஸ், மெஷின் இழுக்கிற கரண்டுக்கான கணக்கு. பிளேடுக்குப் போய்ச் சேருகிற சக்தி அதைவிடக் குறைவு. பெயர் தெரியாத கம்பெனிக்காரர் அதையும் கூட்டித்தான் அச்சடிக்கிறார். நல்ல கம்பெனியின் 1,200 வாட்ஸ் மெஷின், உங்களிடம் இருந்த 2,200ஐ விட நிதானமாக அறுக்கும். ஆகவே கடைக்குப் போனதும் மெஷினைக் கேட்காதீர்கள். “இந்த மாடலுக்கு ஆர்மேச்சர் என்ன விலை, கார்பன் இருக்கிறதா, சுவிட்ச் இருக்கிறதா, பிளேடை மூடுகிற கீழ் கார்டுக்கு ஸ்பிரிங் தனியாகத் தருவீர்களா” என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினால் மேற்கொண்டு பேசுங்கள். “அதெல்லாம் போகாதுங்க” என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

பிறகு மெஷினைக் கையில் வாங்குங்கள். பிளக்கைச் சொருக வேண்டாம். கீழ் கார்டைக் கையால் முழுக்கத் திறந்து விடுங்கள், சட்டென்று தானாக மூட வேண்டும். பிளேடின் ஓரத்தைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள், தண்டில் ஆட்டம் தெரியக் கூடாது. அடித்தட்டு வளைந்த தகரமா, வார்ப்பா என்று பாருங்கள். தகரத் தட்டு சாரத்திலிருந்து ஒருமுறை விழுந்தால் நெளியும், தட்டி ஓரளவு நிமிர்த்தலாம். அலுமினிய வார்ப்பு நேராகவே இருக்கும், ஆனால் பலமாக விழுந்தால் உடையும். எதுவானாலும் ஒரு டேப் எடுத்து, பிளேடின் முன்பல்லிலிருந்து தட்டின் ஓரம் வரை ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மி.மீ. மாறினாலும் பிளேடு மரத்துக்குள் சாய்ந்து போகும், பின்பல் மரத்தைத் தேய்க்கும், மோட்டார் சூடாகும். புது மெஷினிலும் இது மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அளவு. 185 மி.மீ. பிளேடு உள்ள மெஷின், ஊரில் ஏழு இஞ்ச் என்பது, நேராக 65 மி.மீ. சுமாருக்கு ஆழம் போகும். ரீப்பர், பலகை, பிளைவுட், இரண்டு இரண்டரை இஞ்ச் சட்டம் எல்லாவற்றுக்கும் இது போதும். மகிட்டா ஹெச்.எஸ். 7600 என்கிற 1,200 வாட்ஸ் மெஷினும், பாஷ் ஜி.கே.எஸ். 190 என்கிற 1,400 வாட்ஸ் மெஷினும் இந்த வகை. இரண்டும் நாலு கிலோ சுமார்தான். கூரைமேல் ஏறி ஒற்றைக் கையில் தூக்கிக் கொடுக்கிற வேலைக்கு அந்த எடை முக்கியம். 5க்கு 3 நிலைச் சட்டத்தில் மூன்று இஞ்ச் என்பது 75 மி.மீ., ஏழு இஞ்ச் மெஷினில் ஒரே வெட்டில் வராது. நான்கு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டலாம். எப்போதாவது நிலை செய்கிறவருக்கு இதுவே போதும். தினமும் நிலைதான் என்றால் 235 மி.மீ. மெஷின் பாருங்கள். பாஷ் ஜி.கே.எஸ். 235 டர்போ 2,050 வாட்ஸ், 85 மி.மீ. ஆழம் போகும். ஏழு கிலோவுக்கு மேல் எடை, கூரைக்கு ஆகாது, பட்டறையில் இருக்க வேண்டிய மெஷின். அதற்கு 15 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் வேண்டும், வீட்டின் 5 ஆம்ப்ஸ் பாயிண்டில் சொருகினால் சாக்கெட் உருகும்.

உங்கள் வேலைக்கு என் தேர்வு ஏழு இஞ்ச்தான். இரண்டு கம்பெனியில் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ எதற்கு சர்வீஸ் சென்டர் கிட்டத்தில் இருக்கிறதோ அதை வாங்குங்கள். பில்லோடு வாங்குங்கள். அதே நிறம், அதே பெட்டி, உள்ளே வேறு சரக்கு என்று வருகிற போலிகள் நிறைய உலாவுகின்றன.

நான் டொராண்டோவில வீடு கட்டுற கம்பெனி ஒண்டில மரச்சட்டத்தில வீட்டுக் கூடு எழுப்புற பிரேமிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறன். வோர்ம் டிரைவ்தான் காலத்துக்கும் நிக்கும் எண்டு சிலர், சைட்வைண்டர் காணும் எண்டு சிலர், இப்ப பற்றரிதான் எண்டு சிலர். எனக்கு ஒரு மெஷின்தான் வாங்க வசதி. பிறகு அதை யாழ்ப்பாணத்தில அப்பாவுக்குக் குடுக்கலாமோ?
– வாசகர், ஸ்காபரோ

தம்பி, என் மைத்துனர் மகன் அந்தப் பக்கத்தில் இதே வேலைதான் செய்கிறான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு வோர்ம் டிரைவ் மெஷினைத் தூக்கி வந்தான். திறந்து பார்த்தேன். மோட்டார் பிளேடுக்குப் பக்கவாட்டில் இல்லாமல் பின்னால் நீளவாக்கில் படுத்திருக்கிறது. திருகுப் பல்லும் அதனோடு சேர்கிற பல்சக்கரமும் எண்ணெயில் முங்கிக் கிடக்கின்றன. பல் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு இருந்தது. இவ்வளவு தாராளமாக இரும்பு போட்ட மெஷினைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இதன் கதையும் நன்றாக இருக்கும். 1920களில் அமெரிக்காவின் லூசியானாவில், கரும்பை வெட்டுக்கத்தியால் வெட்டிக் களைக்கிற ஆட்களைப் பார்த்து, எட்மண்ட் மிஷெல் என்பவர் கத்தியோடு மோட்டாரைச் சேர்க்க முயன்றார். அதிலிருந்துதான் மரத்துக்கான கை ரம்பம் வந்தது. ஜோசப் சல்லிவன் என்பவர் கூட்டுச் சேர்ந்தார், கம்பெனி பிறகு ஸ்கில்சா ஆனது. 1937இல் வந்த மாடல் 77இன் வாரிசுகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. மோட்டாரைப் பக்கவாட்டில் வைத்த சைட்வைண்டரை 1920களின் கடைசியில் போர்ட்டர்–கேபிள் கம்பெனிக்காக ஆர்ட் எம்மன்ஸ் வடிவமைத்தார்.

நீங்கள் அறுக்கப் போவது பெரும்பாலும் மென்மரம். இரண்டுக்கு நாலு இஞ்ச் என்று பெயர், கையில் வருவது 38க்கு 89 மி.மீ. அதற்கு 7¼ இஞ்ச் பிளேடுதான் சரியான அளவு. 45 டிகிரி சாய்த்தாலும் 38 மி.மீ. தாராளமாகத் தாண்டும். 6½ இஞ்ச் மெஷினில் அந்தச் சாய்வு மயிரிழையில்தான் தேறும்.

வோர்ம் டிரைவில் பிளேடு இடப்பக்கம் இருப்பதால் வலக்கைக்காரருக்குக் கோடு நேரே தெரியும். இழுவையும் அதிகம். ஆனால் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுவிடும், காலையில் சும்மா ஓடவிட்டு உருக்கித்தான் வேலைக்கு இறக்க வேண்டும். மெக்னீசிய உடம்புள்ள புது மாடலே ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. பழகுகிற காலத்தில் ஏணிமேல் அந்த எடையோடு நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 15 ஆம்ப்ஸ் சைட்வைண்டர், மெக்னீசிய அடித்தட்டு உள்ளதாக வாங்குங்கள். மகிட்டா 5007 எம்.ஜி. அந்த வகை. நல்ல பேரிங், நல்ல தட்டு, கார்பன் வெளியிலிருந்தே மாற்றலாம்.

பேட்டரி மெஷின் வேகத்திலும் இழுவையிலும் இப்போது குறைவில்லை. ஆனால் லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோரும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் ஏற்றவே கூடாது. ஜனவரியில் ஓட்ட மூன்று நாலு பேட்டரி வேண்டிவரும், அவற்றை வண்டிக்குள் சூட்டில் வைத்திருக்கவும் வேண்டும். ஒரே மெஷின்தான் என்றால் ஒயர் உள்ளதே மேல். நூறடி ஒயர் இழுக்கிறீர்கள் என்றால் மெல்லிசான 16 கேஜ் வேண்டாம். 15 ஆம்ப்ஸில் அதில் பன்னிரண்டு வோல்ட் போய்விடும், 120இல் அது பத்தில் ஒரு பங்கு. தடிப்பான 12 கேஜ் எடுங்கள்.

அப்பாவுக்கு அந்த மெஷினைக் கொடுக்க வேண்டாம். கனடாவில் 120 வோல்ட், யாழ்ப்பாணத்தில் 230. நேரே சொருகினால் அந்த நிமிஷமே கருகும். டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடும், ஆனால் 3 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை அவர் வேலைக்கு வேலை சுமப்பாரா? 120 வோல்ட் ஆர்மேச்சர் யாழ்ப்பாணத்தில் கிடைப்பதும் கஷ்டம். பணத்தை அனுப்பி அங்கேயே 230 வோல்ட் மெஷின் வாங்கச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறார். மெஷினின் கீழ் கார்டு அடிக்கடி சிக்குகிறது என்று கம்பி வைத்து மேலே தூக்கிக் கட்டிவிட்டார். பார்க்கவே பயமாக இருக்கிறது. சொன்னால் “எல்லாரும் இப்படித்தான்” என்கிறார்.
– வாசகி, மணப்பாறை

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

அண்ணாச்சி, சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு பல விநாடி சுற்றும். அந்த நேரத்தில் மெஷின் உங்கள் தொடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, அல்லது தரையில் வைக்கப்படுகிறது. கார்டு மூடியிருந்தால் ஒன்றும் இல்லை. கட்டியிருந்தால் வேட்டியோ, கைலியோ, சதையோ முதலில் மாட்டும். தரையில் வைத்தால் மெஷினே பின்னால் ஓடி வரும். தொடையில் வெட்டுப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாருமே நல்ல வேலைக்காரர்கள்.

கார்டு சிக்குவதற்குக் காரணம் உண்டு, சரிசெய்யவும் முடியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றுங்கள். கார்டு திரும்புகிற கழுத்தில் மரத்தூளும் பிசினும் கெட்டியாக அடைந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்துச் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். அங்கே கிரீஸோ எண்ணெயோ பூசாதீர்கள், நாலு நாளில் தூள் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பிறகும் மந்தமாக மூடினால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அது சின்னச் செலவு. கார்டின் விளிம்பு நெளிந்து பிளேடில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். மெல்லிய சிம்பு எடுக்கும்போதும் சாய்த்து அறுக்கும்போதும் மட்டும் கார்டு மரத்தில் முட்டும். அதற்காகத்தான் கார்டில் ஒரு லீவர் கொடுத்திருக்கிறார்கள். தொடங்கும்போது இடக்கையால் தூக்கி, பிளேடு இறங்கியதும் விட்டுவிடுங்கள். அந்தக் கம்பியை இன்றைக்கே அறுத்துப் போடுங்கள், அண்ணாச்சி.

நாலு இஞ்ச் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கிற பிளேடு மாட்டி எல்லா வேலையும் முடிகிறது. சர்க்குலர் சா தனியாக எதற்கு?
– வாசகர், காரைக்குடி

முடிகிறது என்பது உண்மை. ஆபத்து என்பதும் உண்மை. மார்பிள் கட்டர் நிமிஷத்துக்கு 12,000 சுற்று சுமாருக்கு ஓடுகிறது. 110 மி.மீ. பிளேடின் பல் முனை அந்த வேகத்தில் விநாடிக்குக் கிட்டத்தட்ட 70 மீட்டர் ஓடும். ஏழு இஞ்ச் சர்க்குலர் சாவில் அது 50 மீட்டர்தான். கல்லை அரைக்கிற வட்டுக்குப் பல் இல்லை, மாட்டினாலும் இவ்வளவு உதைக்காது. பல் உள்ள பிளேடு மரத்தில் இறுகினால் மெஷினையே உங்கள் பக்கம் எறியும். தானாக மூடுகிற கீழ் கார்டும் அதில் கிடையாது. எறிந்தால் நடுவில் தடுக்க எதுவும் இல்லை.

அதையே வைத்து வேலை செய்ய வேண்டிய நிலைமையில் இருக்கிறவர்கள் குறைந்தபட்சம் பிளேடின் மேல் அச்சிட்டிருக்கிற உச்ச சுற்று எண்ணைப் பாருங்கள். அது மெஷின் தகட்டில் இருக்கிற எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணே அச்சிடாத பிளேடை மாட்டவே கூடாது. பணம் சேர்ந்ததும் வாங்க வேண்டிய முதல் மெஷின் சர்க்குலர் சாவாக இருக்கட்டும்.

பிளைவுட் அறுத்தால் மேல்தோல் பிய்ந்து வருகிறது. மெஷின் கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. பிளேடு கீழிருந்து மேலாக அறுக்கிறது, அதனால் மேல் பக்கம்தான் பியும். நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள். 60 பல் பிளேடு போடுங்கள். பிளைவுட்டுக்குக் கீழே பல் முனை கால் இஞ்ச் தெரிகிற அளவுக்கு மட்டும் ஆழம் வையுங்கள்.

பழைய சர்க்குலர் சா ஒன்று மலிவாக வருகிறது. நல்ல கம்பெனி. வாங்கலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

வாங்கலாம், ஓட்டிப் பார்த்துவிட்டு. விற்கிறவரிடம் சொல்லி இருட்டான இடத்தில் ஓடவிட்டு, மோட்டாரின் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி தெரிந்தால் சரி. செம்பு வளையத்தைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் ஆர்மேச்சர் முடிந்துவிட்டது. சில சமயம் ஓடி, சில சமயம் தட்டினால்தான் கிளம்புகிறது என்றால் அநேகமாகக் கார்பன் தேய்ந்திருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். சுவிட்சை விட்டதும் பிளேடு நிற்கிற சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்று நின்றால் பேரிங் மாற்ற வேண்டும். மெல்ல நிற்காமல் சட்டென்று இறுகினால் கியர் கோளாறு. அடித்தட்டை ஒரு கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள், நாலு மூலையும் உட்கார வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, ஆர்மேச்சர் விலையையும் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிட்டால் பணத்தைக் கொடுங்கள்.